நல்லாத்தானே இருக்க, அப்புறம் எதுக்கு மருந்து?

எங்க அத்தை, அதாவது வீட்டுக்காரரோட அம்மா, ஆறு மாசத்துக்கு ஒருதடவை தவறாம கேக்கற கேள்வி இது. கெட்ட எண்ணத்துல எல்லாம் கேக்கல, பாவம். "ஏம்மா, நடக்கற, சமைக்கற, பேங்குக்கு போய்ட்டு வர்ற, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரில போய் ஒரு நாள் பூரா டிரிப்ஸ் ஏத்திக்கிட்டு வர்ற"ம்பாங்க. பக்கத்து ஃப்ளாட் அக்கா, பேங்க்ல கூட வேலை பாக்கறவங்க, ஊர்லேர்ந்து வர்ற சித்தப்பானு கேக்காத ஆளே இல்ல, சில நாள் எனக்கே அந்தக் கேள்வி வரும். அதனால ஒருதடவை உக்காந்து முழுசா எழுதிடலாம்னு பாத்தேன், ரிப்போர்ட்ல டீமைலினேஷன்னு ஒரு வார்த்தையைப் பாத்துட்டு ராத்திரி தூங்காம கூகுள் பண்ணிட்டு இருக்கறவங்களுக்கும் உதவும். நான் டாக்டர் இல்ல, பேஷண்ட். அதை மனசுல வெச்சிக்கிட்டு படிங்க.

எனக்கு இருக்கறது மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ், சுருக்கமா எம்எஸ். சொன்ன உடனே பாதிப்பேர் "ஓ, நரம்புத் தளர்ச்சியா"ன்னு கேட்டுட்டு ஒரு லேகியம் பேரு சொல்லுவாங்க. அது இல்ல இது. நம்ம மூளை, முதுகுத்தண்டு, கண் நரம்பு இதுல ஓடற நரம்பு இழைங்க மேல மைலின்னு கொழுப்பால ஆன ஒரு உறை இருக்கு, அந்த உறை இருக்கறதாலதான் தகவல் வேகமா போகுது. கிருமி வந்தா சண்டை போடவேண்டிய டி செல், பி செல் எல்லாம் ஏதோ ஒரு குழப்பத்துல இந்த உறையவே எதிரின்னு நெனச்சு தாக்க ஆரம்பிச்சிடுது. தாக்கின எடத்துல வீக்கம், அப்புறம் உறை உரிஞ்சு (ரிப்போர்ட்ல வர்ற டீமைலினேஷன் இதுதான்) தழும்பு. அந்த நரம்பு எந்த வேலைய பாத்துச்சோ அந்த வேலை கெடும். கண்ணுக்குப் போறதா இருந்தா பார்வை, காலுக்குன்னா நடை, மூத்திரப்பைக்குன்னா அவசரமா ஓடவேண்டிய நிலைமை. அதான் ரெண்டு எம்எஸ் பேஷண்ட் ஒரே மாதிரி இருக்கவே மாட்டாங்க. பாரிஸ்ல சால்பெட்ரியேர் ஆஸ்பத்திரில ஷார்கோன்னு ஒரு டாக்டர் 1868லயே இந்தத் தழும்புங்களைப் பாத்து இது தனி நோய்னு எழுதி வெச்சிட்டார். ஆனா ஒரு மருந்து அங்கீகாரம் வாங்கி வெளிய வர்றதுக்கு 1993 ஆயிடுச்சு, நூத்தி இருபத்தஞ்சு வருஷம்!

ஏன் வருதுன்னு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஜீன்ல கொஞ்சம், விட்டமின் டி குறைச்சல், சிகரெட், இது எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. 2022ல ஹார்வர்ட்காரங்க அமெரிக்க ராணுவத்துல வேலை பாத்த 1 கோடிக்கும் மேல ஆளுங்கள்ல எம்எஸ் வந்தவங்க, வராதவங்களோட பழைய ரத்த சாம்பிளை ஒப்பிட்டு பாத்ததுல, எப்ஸ்டீன்-பார்னு ஒரு வைரஸ் தொத்தினப்புறம் எம்எஸ் வர்ற வாய்ப்பு 32 மடங்கு கூடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்காக பயப்படவேண்டாம், பெரியவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே அந்த வைரஸ் தொத்தியிருக்கும், எம்எஸ் வர்றது ரொம்ப சொற்பப் பேருக்கு. இது ஒட்டிக்கற வியாதி இல்ல. பரம்பரையா அப்படியே இறங்கறதும் இல்ல, அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு நூத்துக்கு ரெண்டோ மூணோதான் (பொண்ணு பாக்க வர்றவங்க இதை கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும், அதான் சொல்லி வெக்கறேன்). பெரும்பாலும் 20லேர்ந்து 40 வயசுக்குள்ள ஆரம்பிக்கும், ஆம்பளைங்களைவிட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம்.

கண்டுபிடிக்கறதுதான் பெரிய கூத்து. எனக்கு முதல்ல வந்தது இடுப்புக்கு மேல சுத்தி யாரோ பெல்ட்டை இறுக்கிக் கட்டின மாதிரி ஒரு பிடிப்பு. பாத்த டாக்டர் கேஸ் ட்ரபிள்னு சொல்லி காலைல வெறும் வயித்துல ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தார், கொஞ்ச வாரத்துல அது தானா போயிடுச்சு, மாத்திரைதான் கேட்டுச்சுன்னு எல்லாரும் நம்பிட்டோம். இந்த நோயோட குசும்பே அதுதான். ஆரம்பத்துல வரும், சில நாளோ சில வாரமோ படுத்தும், அப்புறம் அதுவா இறங்கிடும். எந்த வைத்தியம் பாத்துட்டு இருக்கோமோ அதுக்கு பேரு போயிடும். அடுத்த மாசங்கள்ல அரிசி களைய தலையைக் குனிஞ்சா கழுத்துலேர்ந்து முதுகு வழியா கால் வரைக்கும் சுரீர்னு கரண்ட் பாயும். இதுக்கு லெர்மிட் அறிகுறின்னு பேரே இருக்குன்னு எனக்கு அப்ப தெரியாது, கழுத்துத் தேய்மானம்னு ஒரு காலர் வாங்கி மாட்டிவிட்டாங்க.

கடைசியா மாட்டிக்கிட்டது கண்ணுல. ஒரு நாள் கவுன்ட்டர்ல வவுச்சர்ல செவப்பு மையில டிக் அடிச்சிட்டு இருக்கேன், வலது கண்ணு லேசா வலிக்குது, அதுவும் கண்ணை உருட்டினா மட்டும் வலி. கசக்கறதுக்காக இடது கண்ணை மூடிட்டு பாத்தா அந்த செவப்பு மை வெளுத்துப்போன செங்கல் கலர்ல இருக்கு. இந்தக் கண்ணை மூடினா செங்கல், அந்தக் கண்ணை மூடினா ரத்தச் செவப்பு. டோக்கன் நம்பர் கூப்பிட மறந்து மாத்தி மாத்தி மூடிப் பாத்துட்டு இருந்தேன், எதிர்ல நின்ன பெரியவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். கண் டாக்டர் ரெண்டு கண்ணுலயும் டார்ச்சை மாத்தி மாத்தி அடிச்சுப் பாத்துட்டு, கண்ணுல ஒண்ணுமில்ல, கண்ணுக்குப் பின்னாடி நரம்புல வீக்கம், நியூராலஜிஸ்ட்டை உடனே பாருங்கன்னு அனுப்பினார். அவருக்கு ஒரு கும்பிடு போடணும், சொட்டு மருந்து குடுத்து அனுப்பியிருந்தா இன்னும் எத்தனை மாசம் போயிருக்குமோ. கண் வலியோட கலர் மங்கினா அதை கண்ணாடி பவர்னு விட்டுடாதீங்க.

எம்எஸ்ஸை ஒரே ஒரு டெஸ்ட்ல சொல்லிட முடியாது, ரத்த டெஸ்ட் எடுத்து பாசிட்டிவ் நெகட்டிவ்னு வர்ற சமாச்சாரம் இல்ல. மெக்டொனால்ட் விதிமுறைன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, இயன் மெக்டொனால்ட்னு நியூஸிலாந்துல பொறந்த டாக்டர் தலைமையில 2001ல போட்டது, 2005, 2010, 2017னு திருத்திட்டே வந்து கடைசியா 2024க்கும் ஒரு திருத்தம் வந்திருக்கு. அதோட சாரம் ரெண்டு கேள்விதான். பாதிப்பு ஒண்ணுக்கு மேற்பட்ட எடத்துல இருக்கா? ஒண்ணுக்கு மேற்பட்ட நேரத்துல நடந்திருக்கா? எடத்தை எம்ஆர்ஐ காட்டிடும். மூளைக்குள்ள இருக்கற நீர் அறைங்களை ஒட்டி, மூளையோட மேல் பட்டையை ஒட்டி, மூளைத்தண்டு சிறுமூளை பக்கம், முதுகுத்தண்டு, இந்த நாலுல ரெண்டு எடத்துலயாவது புள்ளி இருக்கணும். புதுத் திருத்தத்துல கண் நரம்பையும் அஞ்சாவதா சேத்துட்டாங்க. நேரத்தைக் காட்டறதுக்குத்தான் பாதி ஸ்கேன்ல வெளிய இழுத்து கையில ஊசி போட்டு மறுபடி உள்ள தள்ளுவாங்க, அது கடோலினியம்னு ஒரு காண்ட்ராஸ்ட் மருந்து. புதுசா வீங்கியிருக்கற புள்ளி அதை உறிஞ்சிக்கிட்டு பளிச்னு தெரியும், பழைய தழும்பு அப்படி பளிச்னு ஆகாது. ஒரே ஸ்கேன்ல பளிச்சும் மங்கலும் சேந்து இருந்தா, ரெண்டு வேற வேற நேரத்துல நடந்திருக்குன்னு அர்த்தம். அடுத்த அட்டாக் வர்ற வரைக்கும் காத்திருக்கவேண்டியதில்ல.

அது தெளிவா இல்லாட்டி முதுகுல தண்ணி எடுப்பாங்க. இதைச் சொன்னதும் எங்க அம்மா அழுதே தீத்துட்டாங்க, "முதுகுல ஊசி போட்டா கால் வராம போயிடும்"னு தெருவுல யாரோ சொல்லியிருக்காங்க. முதுகுத்தண்டு நரம்பு இடுப்புப் பக்க முதுகெலும்புல முதல் ரெண்டு கட்டைக்குள்ளயே முடிஞ்சிடுது, ஊசி போடறது அதுக்குக் கீழ, மூணாவது நாலாவது கட்டைக்கு நடுவுலயோ அதுக்கும் கீழயோ. அங்க தண்டே கிடையாது, தண்ணில மிதக்கற நரம்பு இழைங்கதான், ஊசி வந்தா நகந்துக்கும். பக்கவாட்டுல படுத்து முழங்காலை நெஞ்சு வரைக்கும் மடக்கிக்கிட்டு சுருண்டு கெடக்கணும், மரத்துப்போற ஊசிதான் சுருக்குன்னு இருந்துச்சு, அப்புறம் ஒரு அமுக்கல், அவ்ளோதான். மறுநாள் எழுந்து உக்காந்தா மண்டைய பிளக்கற மாதிரி ஒரு தலைவலி வந்துச்சு, படுத்தா போயிடும், நிறைய பேருக்கு வர்றதுதான்னு நர்ஸ் சொல்லி தண்ணியும் காபியும் குடிக்கச் சொன்னாங்க, காபி குடிக்கச் சொல்லி உத்தரவு போட்ட ஒரே வைத்தியம் அதுதான். அந்தத் தண்ணியையும் ரத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாப்பாங்க. தண்ணில மட்டும் இருந்து ரத்தத்துல இல்லாத கோடுங்க தெரிஞ்சா, அதுக்கு ஒலிகோகுளோனல் பேண்ட்னு பேரு, மூளைக்குள்ளயே எதிர்ப்பு புரதம் உற்பத்தி ஆகுதுன்னு அர்த்தம். 2017லேர்ந்து இந்தக் கோடு இருந்தாலே நேரத்துக்கான ஆதாரமா எடுத்துக்கறாங்க.

எம்எஸ் மாதிரியே வேஷம் போடற வேற நோய்ங்களை ஒதுக்கறதும் அதே அளவுக்கு முக்கியம். பி12 குறைஞ்சாலே கை கால் மரத்துப்போகும், தண்டுவடமே பாதிக்கும், சைவம் மட்டும் சாப்பிடற வீடுங்கள்ல இது சகஜம், அதை முதல்ல பாப்பாங்க. டிபி, லூபஸ், சார்காய்டு எல்லாம் பட்டியல்ல வரும். எல்லாத்தையும்விட என்எம்ஓன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் கண் நரம்பையும் முதுகுத்தண்டையும்தான் பிடிக்கும், ரொம்ப நாள் அதை எம்எஸ்ஸோட ஒரு வகைன்னே நெனச்சிட்டு இருந்தாங்க. 2004ல அதுக்குன்னு தனியா ஒரு ஆன்டிபாடி இருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க, அக்வாபோரின்-4 டெஸ்ட்னு ரத்தத்துல பாக்கறது அதுதான். கூடவே மாக்னு இன்னொரு ஆன்டிபாடியும் பாப்பாங்க. இதுல மாத்தி சொல்லிட்டா ஆபத்து, ஏன்னா இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமாட் மாதிரி எம்எஸ் மருந்துங்க சிலது என்எம்ஓவை மோசமாக்கிடும். ரிப்போர்ட் வர நாளாகுதேன்னு அவசரப்படாதீங்க, அந்த டெஸ்ட்டை வேண்டாம்னும் சொல்லாதீங்க.

சரி, எம்எஸ்தான்னு உறுதி ஆச்சு. இப்ப வைத்தியம். இங்கதான் நம்ம ஆளுங்க எல்லாரும் குழம்பறது. ரெண்டு வேற வேற வைத்தியம் இருக்கு. ஒண்ணு அட்டாக் வந்தப்ப குடுக்கறது, மெத்தில்பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு, ஒரு நாளைக்கு 1 கிராம், நரம்புல ஏத்துவாங்க, 3லேர்ந்து 5 நாள். வாய் பூரா இரும்பு ருசி, நாக்குல இஞ்சி முரப்பா போட்டுக்கிட்டு சமாளிச்சேன், ராத்திரி தூக்கம் சுத்தமா போயி ரெண்டு மணிக்கு பரண்ல இருந்த பாத்திரத்தை எல்லாம் எறக்கி தேய்ச்சிட்டு இருந்தேன், சுகர் இருக்கறவங்களுக்கு அளவு எகிறும். கண்ணு நல்லா தெளிஞ்சுது. ஆனா ஒரு விஷயம் பாருங்க, 1992ல வந்த கண் நரம்பு வீக்க ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, அதுல தெரிஞ்சது என்னன்னா இந்த ஸ்டீராய்டு பார்வை சீக்கிரம் திரும்ப உதவுது, ஆனா ஆறு மாசம் கழிச்சு பாத்தா போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் கடைசிப் பார்வை பெருசா வித்தியாசம் இல்ல. அதே ஆராய்ச்சில, சாதாரண அளவு ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் சாப்பிட்டவங்களுக்கு திரும்பத் திரும்ப கண்ணுல வந்துச்சு. அதனால பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்ல ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி முழுங்கறது அறவே கூடாது. ஸ்டீராய்டு கேக்கலன்னா பிளாஸ்மா மாத்தற வைத்தியம் இருக்கு.

ரெண்டாவது வைத்தியம், அட்டாக்கே வராம தடுக்கறது. டிஎம்டினு சொல்லுவாங்க. சென்னைக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தப்புறம் மோட்டர் போட்டு தண்ணி எறைக்கறது ஸ்டீராய்டு, மழைக்கு முன்னாடி கால்வாய் தூர் வாரறது டிஎம்டி. தூர் வாரும்போது தெரு பளபளன்னு ஆகிடாது, பாக்கறவன் வெயில் காயுது இப்ப எதுக்கு தோண்டறேன்னுதான் கேப்பான். இந்த மருந்தால கண்ணு தெளியாது, மரத்த கால் திரும்பாது, அசதி போகாது. இது வேலை செய்யறது இன்னும் வராத ஒண்ணு மேல. அதனால "மருந்து எடுத்தும் ஒண்ணும் தெரியலயே"னு சொன்னா, ஆமா, ஒண்ணும் தெரியாம இருக்கறதுக்குத்தான் அந்த மருந்து.

நல்லாத்தானே இருக்கன்னு கேக்கறவங்களுக்கு என் சொந்த ஸ்கேன்தான் பதில். முதல்ல எனக்கு டைமெதில் ஃபியூமரேட் மாத்திரை குடுத்தாங்க. ரொம்ப நல்லா இருந்தேன், அட்டாக் ஒண்ணும் இல்ல, டவர் பார்க்ல காலைல வாக்கிங் எல்லாம் போயிட்டு இருந்தேன். வருஷாந்திர ஸ்கேன்ல பாத்தா மூளைல புதுசா ரெண்டு புள்ளி. ஒரு சின்ன மரமரப்பு கூட இல்லாம அது வந்திருக்கு. டாக்டர் அப்பதான் விளக்கினார், வெளிய தெரியற ஒரு அட்டாக்குக்கு, உள்ள சத்தமில்லாம அஞ்சு பத்து புள்ளி வரலாம், மூளை ஓரளவுக்கு வேற வழி போட்டு சமாளிச்சிட்டே இருக்கும், சமாளிக்க முடியாத அன்னிக்குத்தான் நமக்குத் தெரியும். எம்எஸ் வர்றவங்கள்ல சுமார் 85 சதவீதம் பேருக்கு இப்படி வந்து வந்து போற வகையாத்தான் ஆரம்பிக்குது, மருந்து எதுவும் இல்லாத காலத்துல அதுல பாதிப்பேருக்கு வருஷங்கள் போகப்போக திரும்பி வராத, மெதுவா ஏறிட்டே போற கட்டத்துக்கு மாறிடும். அந்தக் கட்டத்துல மருந்துங்களோட பிடி ரொம்ப கம்மி. நடக்கற காலத்துலயே மருந்து போடணும்னு அவர் பிடிவாதம் பிடிச்சது அதுக்குத்தான்.

மருந்துங்க கதையே தனி சுவாரசியம், கொஞ்சம் இழுத்து சொல்றேன். 1993ல இன்டர்ஃபெரான் பீட்டா-1பி வந்துச்சு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, போட்டா ஜுரம் அடிக்கற மாதிரி உடம்பு வலி. 1996ல கிளாடிராமர், இஸ்ரேல்ல வைஸ்மன் இன்ஸ்டிட்யூட்ல உருவானது. ரெண்டுமே அட்டாக்கை சுமாரா மூணுல ஒரு பங்கு குறைக்கும், அப்ப ரெண்டையும் ஃப்ரிட்ஜ்ல வெக்கவேண்டியிருந்துச்சு, கோடைல கரண்ட் போனா ஊசியைத் தூக்கிக்கிட்டு ஜெனரேட்டர் இருக்கற வீடு தேடி ஓடினவங்க நம்ம ஊர்ல இருக்காங்க. 2004ல நடாலிசுமாப், பயங்கர சக்தி, சோதனைல அட்டாக்கை 68 சதவீதம் குறைச்சுது, ஆனா மூணே மாசத்துல பிஎம்எல்னு உயிருக்கே ஆபத்தான மூளைத் தொற்று சிலருக்கு வந்ததால திரும்ப எடுத்துக்கிட்டாங்க. 2006ல கட்டுப்பாடுகளோட மறுபடி வந்துச்சு. ஜேசி வைரஸ்னு பலர் உடம்புல தூங்கிட்டு இருக்கற வைரஸ்தான் அதுக்குக் காரணம், அதனால அந்த மருந்து குடுத்தா ஜேசி டெஸ்ட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பாங்க.

2010ல முதல் மாத்திரை, ஃபிங்கோலிமாட். இது வந்த வழி தெரியுமா, பூச்சி மேல வளர்ற ஒரு காளான்லேர்ந்து எடுத்த பொருளை ஜப்பான்ல மாத்தி செஞ்சது. முதல் மாத்திரையை ஆஸ்பத்திரில வெச்சு முழுங்கி ஆறு மணி நேரம் இதயத் துடிப்பைப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு விடுவாங்க. டெரிஃப்ளூனமைடு 2012, மூட்டுவாத மருந்தோட சொந்தக்காரன், பிள்ளை பெத்துக்கற எண்ணம் இருந்தா கிட்டயே போகக்கூடாது. நான் சாப்பிட்ட டைமெதில் ஃபியூமரேட் 2013, அந்த வகை மருந்தை ஜெர்மனில சொரியாசிஸுக்கு ஏற்கனவே குடுத்துட்டு இருந்தாங்க. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல மூஞ்சி, காது, கழுத்து எல்லாம் குபுகுபுன்னு செவந்து அரிக்கும், கவுன்ட்டர்ல உக்காந்துட்டு இருக்கும்போது "என்ன மேடம் யாராவது திட்டிட்டாங்களா"ன்னு கேட்டிருக்காங்க. வெறும் வயித்துல இல்லாம ரெண்டு தோசை நெய்விட்டு சாப்பிட்டு போட்டா குறையும். இந்த மாத்திரைங்களை நம்ம நாட்டு கம்பெனிங்களே ஜெனரிக்கா தயாரிக்கறதால வாங்க முடியுது, இல்லாட்டி அவ்ளோதான்.

இப்ப நான் இருக்கறது ரிடுக்ஸிமாப்ல, அத்தை கேக்கற அந்த ஆறு மாச டிரிப்ஸ் இதுதான். இது பி செல்லைக் குறிவெக்கற மருந்து, சிடி20ன்னு அந்த செல் மேல இருக்கற ஒரு அடையாளத்தைப் பிடிச்சு அழிக்கும். முதல்ல வந்தது ரத்தப் புற்றுநோய்க்கு, எம்எஸ்க்கு அதிகாரப்பூர்வமா எழுதலன்னாலும் ஸ்வீடன்ல ரொம்ப காலமா பெரிய அளவுல குடுக்கறாங்க. அங்க நடந்து 2022ல வெளிவந்த ஆராய்ச்சில ரெண்டு வருஷத்துல டைமெதில் ஃபியூமரேட் எடுத்தவங்கள்ல 16 சதவீதம் பேருக்கு அட்டாக், ரிடுக்ஸிமாப்ல 3 சதவீதம்தான். இதே வழில வேலை செய்யற ஓக்ரெலிசுமாப் 2017ல வந்துச்சு, ஆரம்பத்துலேர்ந்தே ஏறிட்டு போற வகை எம்எஸ்க்கு அங்கீகாரம் கிடைச்ச முதல் மருந்து அது. ஆனா நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ரிடுக்ஸிமாப்தான் கைக்கு எட்டற தூரம், ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் 2007லயே இதோட பயோசிமிலரை, அதாவது இதே மாதிரி வேற கம்பெனி செய்யற வகையை, இந்தியால கொண்டுவந்துட்டாங்க. 2023 ஜூலைல உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல முதல்தடவையா எம்எஸ் மருந்துங்களைச் சேத்தப்ப கிளாடிராமர், கிளாட்ரிபைன், ரிடுக்ஸிமாப் இந்த மூணும்தான் இருந்துச்சு. காஸ்ட்லியான மருந்துதான் நல்ல மருந்துன்னு நெனக்கறவங்க கொஞ்சம் கவனிங்க.

ஏத்தறதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி, டிபி, இம்யூனோகுளோபுலின்ங்கற எதிர்ப்பு புரதத்தோட அளவு எல்லாம் பாப்பாங்க, ஹெபடைடிஸ் பி உள்ள ஒளிஞ்சிருந்தா இந்த மருந்து அதை எழுப்பிவிட்டுடும். தடுப்பூசி போடறதா இருந்தா மருந்துக்கு முன்னாடியே போட்டுக்கணும், உயிர்க்கிருமி தடுப்பூசிங்க அப்புறம் கூடவே கூடாது. அன்னிக்கு காலைல பாராசிட்டமால், ஒரு ஸ்டீராய்டு, அலர்ஜி வராம இருக்க ஒரு அவில் ஊசி. அவில் போட்டா கண்ணு சொருகும், பக்கத்து பெட் ஆளோட பேசிட்டு இருக்கும்போதே பாதி வார்த்தைல தூங்கிடுவேன். முதல் தடவை ஏத்தினப்ப கொஞ்ச நேரத்துல தொண்டைல முடி மாட்டின மாதிரி ஒரு அரிப்பு, காது மடல் சூடு. சொல்லலாமா வேண்டாமான்னு யோசிக்காம நர்ஸை கூப்பிட்டேன், அவங்க டிரிப்பை நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, பாதி வேகத்துல திரும்ப ஆரம்பிச்சாங்க, சரியாயிடுச்சு. முதல் டோஸ்லதான் இது அதிகம், அடுத்தடுத்து குறைஞ்சிடுது. சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு டிரிப்ஸோட வேகத்தை நீங்களா உருட்டிவிடற வேலை மட்டும் வேண்டாம், பக்கத்து பெட்ல ஒரு அண்ணன் பண்ணி திட்டு வாங்கினார்.

இன்னொரு பக்கம், மருந்தை நல்லா இருக்கேன்னு தானா நிறுத்தறது. ஃபிங்கோலிமாட், நடாலிசுமாப் ரெண்டையும் திடீர்னு விட்டா, முன்னாடி இருந்ததைவிட மோசமா நோய் திருப்பி அடிக்கலாம், இது நல்லா தெரிஞ்ச விஷயம். மாத்தணும்னா டாக்டர் போடற கணக்குப்படி அடுத்த மருந்துக்குத் தாவணும். இன்னொண்ணு, இம்யூனிட்டி பூஸ்டர்னு வர்ற பொடி, கஷாயம், கேப்சூல். எனக்கு எதிர்ப்பு சக்தி பத்தாம வியாதி வரல, அது என் மேலயே பாயறதாலதான் வியாதி, அதுக்கு ஊட்டம் குடுத்து வளத்துவிடுங்கன்னா எப்படி? அன்பா கொண்டுவந்து குடுக்கறாங்க, வாங்கி அலமாரில வெச்சிடறேன்.

இவ்ளோ சொல்லிட்டு சென்னை வெயிலை சொல்லாம விட்டா பாவம். உடம்பு சூடு அரை டிகிரி ஏறினாலே உரிஞ்சுபோன நரம்புல தகவல் தடுமாறும். வில்ஹெல்ம் உத்தாஃப்னு ஜெர்மன் கண் டாக்டர், உடம்பை அலட்டிக்கிட்டா எம்எஸ் பேஷண்டுக்கு கொஞ்ச நேரம் பார்வை மங்கறதை 1890லயே எழுதி வெச்சார், சூடுதான் காரணம்னு பின்னாடி தெரிஞ்சுது, எம்ஆர்ஐ வர்றதுக்கு முன்னாடி பேஷண்டை சுடுதண்ணித் தொட்டில உக்கார வெச்சு அறிகுறி வருதான்னு பாத்து கண்டுபிடிப்பாங்களாம். நமக்கு தொட்டியே வேண்டாம், கத்திரி வெயில்ல திருமங்கலம் சிக்னல்ல பத்து நிமிஷம் நின்னா போதும், வலது கண்ணு மங்கி, காலு ரெண்டு கிலோ கூடின மாதிரி ஆயிடும். முதல் கோடைல அட்டாக்னு நெனச்சு நடுங்கிட்டோம். இப்ப தெரியும், ஜுரமோ வெயிலோ மூத்திரத் தொற்றோ இருந்து, குளிர்ந்ததும் போயிட்டா அது பொய் அட்டாக். புதுசா ஒரு அறிகுறி, ஜுரம் தொற்று எதுவும் இல்லாம, 24 மணி நேரத்துக்கு மேல நின்னா அதுதான் நிஜம், அப்ப போன் பண்ணணும். ஈரத் துண்டு கழுத்துல, பைல ஒரு ஜில் தண்ணி பாட்டில், வெளி வேலை எல்லாம் காலைல எட்டு மணிக்குள்ள. அசதிக்கும், கால் இறுக்கத்துக்கும், நரம்பு வலிக்கும், மூத்திர அவசரத்துக்கும் தனித்தனி மாத்திரைங்க இருக்கு, பேக்லோஃபென், கேபாபென்டின் மாதிரி, வெட்கப்படாம டாக்டர்கிட்ட கேளுங்க, முக்கியமா மூத்திரப் பிரச்சனையை நம்ம பொம்பளைங்க யாரும் வாயத் தொறந்து சொல்றதே இல்ல.

கடைசியா காசு, பேப்பர் விஷயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகைல மல்டிபிள் ஸ்க்லீரோசிஸும் ஒண்ணு, ஆனா சலுகைங்க பெரும்பாலும் 40 சதவீதமோ அதுக்கு மேலயோ பாதிப்பு இருந்தாத்தான். கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசிலயும் எம்எஸ் பேரு இருக்கும், சந்தோஷப்பட்டுடாதீங்க, கை கால் இயக்கத்துலயோ உணர்ச்சிலயோ பாதிப்பு தொடர்ந்து 6 மாசமாவது இருக்கணும்னு வரையறைல எழுதியிருக்கும். அதாவது மருந்து ஒழுங்கா வேலை செஞ்சா கிளெய்ம் வராது. நடக்கறேன்கறதுக்காக அத்தைக்கும் சந்தேகம், இன்ஷூரன்ஸ்காரனுக்கும் சந்தேகம். பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்காதீங்க, பின்னாடி அதை வெச்சே எல்லாத்தையும் தள்ளிடுவாங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, எம்ஆர்ஐ சிடி, ஆன்டிபாடி ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வெச்சுக்கோங்க, ஃபிலிம் மட்டும் போதாது, சிடியும் கேட்டு வாங்குங்க. முடிஞ்சா ஒவ்வொரு வருஷமும் ஒரே ஸ்கேன் சென்டர்லயே எடுங்க, வேற வேற மெஷின்ல எடுத்தா புதுப் புள்ளியா பழைய புள்ளியான்னு ஒப்பிட்டுப் பாக்கறது டாக்டருக்குத் திண்டாட்டம். எனக்கு அடுத்தது பொங்கலுக்கு அப்புறம், லீவ் லெட்டர் இப்பவே குடுத்தாச்சு.